பட்டம் கேட்கும் முன் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்



கடந்த கிழமை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நானா, கடைக்கு ஒரு கம்பியூட்டர் பொடியன் வேணும். டிகிரி முடிச்ச ஆள் யாரும் இருந்தா சொல்லுங்க" என்றார். என்ன வேலைக்கு என்று கேட்டேன். பில் போட வேண்டும், ஸ்டொக் பார்க்க வேண்டும், வட்ஸ்அப்பில் வரும் ஓடர்களை எழுதி வைக்க வேண்டும் என்றார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் அவருக்குத்தான் சங்கடம்.

அந்தச் சம்பளத்துக்குப் பட்டதாரி வரமாட்டார். வந்தாலும் மூன்று மாதம் தங்கமாட்டார். அதைவிட முக்கியமான விடயம், அந்த வேலைக்குப் பட்டமே தேவையில்லை. இதை நண்பரிடம் சொன்னேன். "அப்ப அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று எப்படி நானா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

நண்பரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதே தவறை அவருக்கு முன்பே செய்தவன் நான்.

றொசல்லையில் நடந்தது

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் இருக்கும் சிறிய இடம் றொசல்ல. ஒரு ரயில் நிலையம், சில கடைகள், சுற்றிலும் தேயிலை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துக் குடும்பங்கள். மாதம் பத்தாம் திகதி சம்பளம். அதுவரைக்கும் அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் கடன். ஆகவே எங்கள் வியாபாரத்தின் உயிர் கல்லாப்பெட்டியில் இல்லை, கடன் கொப்பியில் இருக்கிறது. மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2011 ஆம் ஆண்டு கடைக்குக் கம்பியூட்டர் போட நினைத்தேன். அது தெரியவந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பொடியன் வந்தான். உயர்தரம் எழுதியவன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டு, அங்கிருந்த பழைய கம்பியூட்டரில் தானாகவே பழகியிருந்தான். கடைக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எங்க படிச்சீங்க? சேர்ட்டிபிக்கட் இருக்கா?" என்பது.

இல்லை என்றான். பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "முதலாளி, கடன் கொப்பிய நீங்க எப்படி எழுதுறீங்க? ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருந்தா என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்வியின் பெறுமதி அன்று எனக்கு விளங்கவில்லை. பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கதவைத் தாண்டும்போதே மறந்தும் போனேன்.

பிறகு வெளியூர்க் கம்பனி ஒன்றிடம் நல்ல விலை கொடுத்து பில் போடும் புரோகிராம் வாங்கினேன். வந்து பொருத்தியவரிடம் சான்றிதழ்கள் இருந்தன. புரோகிராமும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது டவுன் சுப்பர் மார்க்கட்டுக்குச் செய்த சாமான். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு பில் போடத் தெரியும், பத்தாம் திகதி தருகிறேன் என்பவனை அதற்குத் தெரியாது. எங்கள் கொப்பியில் லெட்சுமி என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். மேல் டிவிஷன் லெட்சுமி, கீழ் டிவிஷன் லெட்சுமி, ஏழாம் லயத்து லெட்சுமி, பழைய கங்காணி வீட்டு லெட்சுமி. புரோகிராமில் எல்லோரும் ஒரே லெட்சுமி. ஒருவர் வாங்கிய மா இன்னொருவர் கணக்கில் ஏறியது. முகம் பார்த்துக் கடன் கொடுக்கும் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

மூன்றாவது மாதம் கம்பியூட்டருக்குத் துணி போட்டு மூடிவிட்டு, பழையபடி கொப்பிக்குத் திரும்பினேன். அப்போதுதான் அந்தப் பொடியன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. என்ன வாங்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாத நேரத்தில், என் கடையின் பிரச்சினை என்னவென்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தேடியபோது அவன் கொழும்புக்குப் போய்விட்டான். புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்பதாகச் சொன்னார்கள்.

ஓரிரு வருடம் கழித்து அவனுடைய அப்பா அரிசி வாங்க வந்தார். மகன் எப்படி என்று விசாரித்தேன். "அங்க முதலாளி கம்பியூட்டர அவன்கிட்ட குடுத்துட்டாரு, நானா. இப்ப ஸ்டொக் எல்லாம் அவன்தான் பாக்குறான்" என்றார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் உறுத்தியது.

நாம் எப்படி வியாபாரி ஆனோம்?

இப்போது நம்மை நாமே ஒரு கேள்வி கேட்போம். நம்மில் எத்தனை பேர் வியாபாரத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கடை திறந்தோம்?

நான் 1987 இல் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டு ஹட்டனில் ஒரு மொத்தக் கடையில் சேர்ந்தேன். அந்த முதலாளி என்னிடம் ரிப்போட் புத்தகம் கேட்கவில்லை. முதல் நாள் சரை சுற்றச் சொன்னார். இரண்டாவது கிழமை சீனி நிறுக்கச் சொன்னார். தூரத்தில் வேறு வேலை பார்ப்பதுபோல் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாதம் சில்லறையைக் கையில் தந்து பேங்குக்கு அனுப்பினார். ஒரு வருடத்தில் கடன் கொப்பி என் கைக்கு வந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

வேலை கொடுத்து, கையைப் பார்த்து, பிறகு பொறுப்புக் கொடுப்பது நம் தொழிலின் பழைய முறை. கணக்கப்பிள்ளையை அப்படித்தான் எடுத்தோம், லொறி டிரைவரையும் அப்படித்தான் எடுத்தோம். கம்பியூட்டர் என்று வந்தவுடன் மட்டும் ஏன் கடதாசி கேட்கிறோம்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சீனி நிறுப்பவனின் கையைப் பார்க்க நமக்குத் தெரியும், கம்பியூட்டரில் வேலை செய்பவனின் கையைப் பார்க்கத் தெரியாது. நம்முடைய பயத்துக்கு மருந்தாகத்தான் அவனிடம் பட்டம் கேட்கிறோம்.

இந்தக் கேள்வியால் தோட்டத்துப் பிள்ளைக்கு விழும் அடி பெரியது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களிலேயே பெரும்பாலானோருக்கு நாட்டில் இடம் இல்லை. தனியாரிடம் பட்டம் படிப்பதென்றால் பல இலட்சம் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021 மார்ச் மாதத்தில்தான். அந்த வீட்டுப் பிள்ளை கடன் வாங்கிய ஒரு போனில் இரவெல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டு வருகிறது. நாம் ஒரே ஒரு கேள்வியில் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

பெரிய இடத்தில் செய்து காட்டியவர்கள்

இது சின்னக் கடைக்காரனின் சமாதானம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஸோஹோ என்ற கம்பனி இருக்கிறது. வியாபாரிகளுக்கான கணக்கு, பில் புரோகிராம்களைச் செய்து உலகம் முழுவதும் விற்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் வாங்கியவர். அவ்வளவு படித்த மனிதர்தான் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கென்று கம்பனிக்குள்ளேயே ஒரு பள்ளியைத் திறக்க வழிவகுத்தார். 2004, 2005 காலப்பகுதியில் ஆறு மாணவர்களோடு அது தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளோமாவோ முடித்தவர்களைச் சோதித்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை. படிக்கும் காலத்தில் மாதாந்தம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். அங்கே பழகியவர்கள் அதே கம்பனியில் பட்டதாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை போன்ற கிராமத்துக்கே அந்தக் கம்பனி அலுவலகத்தைக் கொண்டுபோனது. நம் தோட்டப் பகுதியில் இருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. 2022 இல் மேரிலாந்து மாநில அரசு ஆயிரக்கணக்கான வேலைகளுக்குப் பட்டம் கட்டாயம் இல்லை என்று அறிவித்தது. பெரிய கம்பனிகள் பலவும் அப்படியே அறிவித்தன. ஆனால் அறிவிப்பு வேறு, செயல் வேறு. 2024 பெப்ரவரியில் ஹாவர்ட் வணிகப் பள்ளியும் பேர்னிங் கிளாஸ் நிறுவகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. அந்த மாற்றத்தால் உண்மையில் புதிதாக வாய்ப்புக் கிடைத்தவர்கள், வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை என்று அது சொல்கிறது.

பட்டம் தேவையில்லை என்று பெரிய கம்பனி அறிவித்தாலும், ஆளை எடுக்கிற அதிகாரி துணிய மாட்டார். எடுத்த ஆள் சரியில்லை என்றால் பழி அவர் தலையில் விழும். பட்டதாரியை எடுத்துத் தவறினால் யாரும் கேட்கமாட்டார்கள். நம் கடையில் அந்தப் பிரச்சினை கிடையாது. எடுக்கிறவரும் நாம்தான், சம்பளம் கொடுக்கிறவரும் நாம்தான், கையைப் பார்க்கிறவரும் நாம்தான். பெரிய கம்பனியால் முடியாததைச் சின்ன வியாபாரியால் செய்ய முடியும்.

எப்படிச் சோதிப்பது?

2023 இல் எனக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்தது. கொமினிகேஷன் ஒன்றில் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. அவளிடமும் பட்டம் இல்லை. இந்தமுறை நான் சான்றிதழ் கேட்கவில்லை. "மகள், இந்தா கடன் கொப்பி. ரெண்டு கிழமை எடுத்துக்குங்க. இதைக் கம்பியூட்டருக்குக் கொண்டு வந்து காட்டுங்க" என்றேன். இரண்டு கிழமைக்கும் கூலி பேசிக்கொண்டேன்.

அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு சாதாரண அட்டவணைதான். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் டிவிஷன், லய இலக்கம், வீட்டுப் பெரியவரின் பெயர் என்று மூன்று கட்டம் போட்டிருந்தாள். நான்கு லெட்சுமிகளும் நான்கு பேரானார்கள். நான் கொப்பியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இருபது கணக்குகளைச் சரி பார்த்தேன். இரண்டில் வித்தியாசம் வந்தது. பார்த்தால் பிழை என்னுடையது, ஒரே சாமானை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆள் தேடும்போது பட்டத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். "டிகிரி உள்ளவர் தேவை" என்று போடுவதற்குப் பதிலாக, "300 பேரின் கடன் கணக்கைக் கம்பியூட்டரில் வைத்து, பத்தாம் திகதி ஒவ்வொருவருக்கும் மீதி சொல்லத் தெரிந்தவர் தேவை" என்று போடுங்கள். வேலை தெரியாதவர் தானாகவே ஒதுங்கிவிடுவார்.

இரண்டாவது, சோதனை வேலை உங்கள் சொந்தக் கடையின் வேலையாக இருக்கட்டும். அப்போதுதான் விடை சரியா பிழையா என்று உங்களுக்கே தெரியும். கம்பியூட்டர் தெரியாவிட்டால் என்ன, கொப்பி உங்களுக்குத் தெரியும்தானே. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்டதை அந்த மெஷினே எழுதித் தருகிறது. ஆகவே செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதை ஏன் இப்படிச் செய்தீங்க? இந்த விலையை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். விளங்கிச் செய்தவர் பதில் சொல்வார். பார்த்து ஒட்டியவர் திணறுவார்.

மூன்றாவது, சோதனைக்கும் கூலி கொடுங்கள். "பழகத்தானே வந்திருக்கிறாய்" என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை மறைத்துப் பயன் இல்லை. அந்தப் பிள்ளை பஸ்ஸுக்குக் கொடுப்பது அதன் தாய் கொழுந்து பறித்த காசு.

நான்காவது, பாஸ்வேர்ட் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். கணக்கின் பிரதி ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை வேறாக எடுத்து வையுங்கள். தானாகப் பழகியவர்களிடம் சில குறைகள் உண்டு. வேலை முடிந்தால் போதும் என்று பிரதி எடுக்காமல் விடுவார்கள், திருட்டு சொப்ட்வெயார் போடுவார்கள், என்ன செய்தோம் என்று எழுதி வைக்கமாட்டார்கள். பாடசாலையில் வாத்தியார் தட்டித் திருத்தும் குறைகள் இவை. இங்கே திருத்த வேண்டியவர் நீங்கள்.

ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்

ஐந்தாவதைத் தனியாகச் சொல்கிறேன். வேலை சரியாகச் செய்தால், என்ன செய்தார் என்று விபரமாக ஒரு கடிதம் கொடுங்கள். "நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்று இரண்டு வரி எழுதுவது போதாது. எத்தனை கணக்கு, எந்த வேலை, எத்தனை மாதம், இன்றும் பாவனையில் இருக்கிறதா என்று கடைத் தலைப்புக் கடதாசியில், திகதி போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தால் பெரிய பயன் உண்டு. நம் நாட்டில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறை 2000 களின் நடுப்பகுதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். இதில் வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. முன்னைய கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். நைட்டா, தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் ஊடாக விண்ணப்பிக்கலாம். செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு பரீட்சகர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மேசனும் மெக்கானிக்கும் இப்படித்தான் சான்றிதழ் எடுக்கிறார்கள். கம்பியூட்டர் வேலைக்கும் இதே முறையில் தகைமைகள் உண்டு.

ஆதாரம் என்று அவர்கள் கேட்கும்போது அந்தப் பிள்ளை எதைக் காட்டும்? நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைத்தான். கடையில் பழகிய பழக்கத்துக்கு அரசாங்க முத்திரை விழுவதற்கு நம் ஒரு பக்கக் கடிதம் உதவுகிறது. நமக்கு அதனால் ஆகும் செலவு ஒரு கடதாசி.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை

படிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகம், பெரிய கம்பனிப் பதவி என்று வரும்போது இன்றும் பட்டம் கேட்கிறார்கள். நாளைக்கும் கேட்பார்கள். ஆகவே வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடம் பட்டம் என்று படிப்படியாக எடுக்கும் விதத்தில் அதைத் தொடங்கினார்கள். என்.வி.கியூ. வழியில் மேலே போகிறவர்களுக்கு 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இரத்மலானை யூனிவொடெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்றைய நிபந்தனை, கட்டணம், மொழி ஆகியவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வேலை தேடி வரும்போது வெறும் விண்ணப்பத்தோடு வராதீர்கள். செய்த ஒன்றைக் கையில் கொண்டு வாருங்கள். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. கடைக்குள் வந்தால் முதலில் சுற்றிப் பாருங்கள். எங்கே கணக்குப் பிழைக்கிறது, எங்கே நேரம் வீணாகிறது என்று கேளுங்கள். 2011 இல் ஒரு பொடியன் என்னிடம் கேட்டானே, அந்தக் கேள்வியைப் போல. எல்லா முதலாளியும் என்னைப் போல் முட்டாளாக இருக்கமாட்டார்கள்.

கடைசியாக, நண்பர்கள் பலரும் கேட்கும் ஒன்று. "பழக்கி விட்டால் பிறகு விட்டுப் போய்விடுவானே?" என்கிறார்கள். போவான். நாமும் அப்படித்தானே போனோம்? ஹட்டனில் எனக்குச் சரை சுற்றப் பழக்கிய முதலாளி, நான் தனிக்கடை போடும்போது முதல் லொறிச் சாமானைக் கடனுக்குத் தந்தார். அவரிடம் பழகியவர்கள் நாலைந்து ஊரில் கடை வைத்து அவரிடமே சாமான் எடுத்தோம். அவர் நஷ்டப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

என் கடைக் கணக்கைச் செய்த பிள்ளை இப்போது ஹட்டனில் இன்னும் இரண்டு கடைகளின் கணக்கையும் பார்க்கிறாள். என் கடிதத்தோடு என்.வி.கியூ.வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தொலைபேசியில் பேசிய நண்பருக்கு அவளுடைய விபரத்தைச் சொன்னேன். "டிகிரி இல்லையே நானா" என்று இழுத்தார். "உங்க கடன் கொப்பியை ரெண்டு கிழமைக்குக் கொடுத்துப் பாருங்க, பிறகு பேசுவோம்" என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

நீங்களும் யோசியுங்கள். ஆனால் நான் யோசித்ததைப் போல் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.